ஜெகதளாவும் குயினோலினும்

குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டனுக்குப் பழைய பெயர் என்ன தெரியுமா? ஜக்கதல்லா! அருகிலுள்ள படுகர் ஊரான ஜெகதளாவின் பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் அப்படி உச்சரித்தார்கள். 1852-ல் அங்கே ராணுவக் குடியிருப்பு கட்டத் தொடங்கினார்கள். 1860-ல் பெயர் வெலிங்டன் என்று மாறியது. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் துவண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேற வந்த இடம் அது. மலையேற முடியாத உள்ளூர் ஜனங்களுக்கு மலேரியாதான் மிச்சம்.

அதே 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகளுடன் நீலகிரிக்கு வந்தார். அவை பட்டுப்போயின. பின்னால் வந்தவை பிழைத்தன. ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்த மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்தார். (நடுவட்டத்தில் சீனக் கைதிகளிடமும் வேலை வாங்கினார்கள். அது தனிக் கதை.)

ஆனால் ஒரு சிக்கல். இங்கே நன்றாக வளர்ந்தது சிவப்புப் பட்டை மரம். அதில் நம் தாத்தா பாட்டிகள் 'கொயினா' என்று சொன்ன குயினைன் குறைவு. சின்கோனின், சின்கோனிடின் போன்றவை அதிகம். அவை வீண்தானா? 1866-ல் சென்னை அரசு ஒரு குழு அமைத்து, குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் நான்கையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. நான்குமே காய்ச்சலைத் தணித்தன!

நான்குக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் குயினோலின். ஒரு பென்சீன் வளையமும், நைட்ரஜன் உள்ள இன்னொரு வளையமும் ஒட்டிக்கொண்ட எளிய சேர்மம், வாய்பாடு C₉H₇N. 1834-ல் ரூங்கே இதை நிலக்கரித் தாரில் கண்டார். 1842-ல் ஜெரார் சின்கோனா காரப்பொருளைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சி வடித்தபோதும் இதே எண்ணெய்தான் வந்தது. கரிக்கும் மரப்பட்டைக்கும் இப்படி ஓர் உறவு!

குயினோலின் நிறமற்ற திரவம். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நெடி கடுமையானது. சுமார் 237 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குளிர்ந்த நீரில் கொஞ்சமே கரையும். நைட்ரஜனிடம் உள்ள தனி எலக்ட்ரான் ஜோடியால் வலுக்குறைந்த காரம்; அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும். ஆனால் இதைக் குடித்தால் மலேரியா போகாது, இது நச்சு! வளையத்தில் சரியான பக்கக்கிளைகள் ஒட்டினால்தான் மருந்து. 1934-ல் ஜெர்மனியில் ஆண்டர்சாக் அப்படிச் செய்ததுதான் குளோரோகுயின். மலேரியா கிருமி நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற நஞ்சு மிஞ்சும். கிருமி அதைப் படிகமாக்கித் தப்பிக்கும். குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாகாமல் தடுத்துவிடும். கிருமி தன் சாப்பாட்டாலேயே சாகும்.