வாக்கர் ரிவால்வரின் கம்பெனி முத்திரை: ஒதுக்கீடா, உடைமையா?

1847ஆம் ஆண்டின் கோல்ட் வாக்கர் ரிவால்வர் ஒன்று ஏலத்துக்கு வரும்போதெல்லாம், அதில் குத்தப்பட்ட கம்பெனி (படைப்பிரிவு) எழுத்தும் எண்ணுமே விளக்கக் குறிப்பில் முதலிடம் பெறுகின்றன. எழுத்து ‘சி’ என்றால், கேப்டன் சாமுவேல் வாக்கரின் சொந்தக் கம்பெனி வீரர் ஒருவர் மெக்சிகோ போரில் ஏந்திய ஆயுதம் அது என்று சேகரிப்பாளர்கள் வழிவழியாகப் படித்துவருகிறார்கள். இவ்வாசிப்புக்கு அடிப்படையே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. சாமுவேல் கோல்ட்டோடு சேர்ந்து இந்த ஆயுதத்துக்கு வடிவம் தந்தவர் வாக்கர். அமெரிக்க ஒன்றிய ராணுவத்தின் குதிரைத் துப்பாக்கி வீரர் ரெஜிமென்ட்டில் சி கம்பெனிக்கு அவரே தலைவர். தயாரிப்பில் முதலில் முடிந்ததும் சி தொகுதியே. ஆயினும், அந்த முத்திரை ஒதுக்கீட்டைச் சொல்கிறதே தவிர உடைமையைச் சொல்லவில்லை.

எண் வரிசையே இதற்கு முதல் சான்று. ஏ, பி, சி, டி ஆகிய நான்கு எழுத்துகளிலும் எண்கள் 1 முதல் 220 வரை ஓடுகின்றன. ஈ மட்டும் 120இல் நின்றுவிடுகிறது. கூட்டினால் சரியாக 1,000. அரசு ஒப்பந்தத்தின் அளவும் அதுவே. 220 என்பது ஆளுக்கு ஒரு ஜோடி என்ற கணக்காகத் தோன்றுகிறது. ஆனால் ஈ கம்பெனிக்கு மட்டும் வீரர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள் என நம்புவது கடினம். ஒப்பந்த அளவு தீர்ந்த இடத்தில் வரிசையும் தீர்ந்தது என்பதே எளிய விளக்கம். ரெஜிமென்ட்டில் பத்துக் கம்பெனிகள் இருந்தும் எழுத்துகள் ஐந்தோடு முடிவதும் இதையே காட்டுகிறது. கனெடிகட் மாநிலத்து விட்னிவில்லில், இளைய எலை விட்னியின் தொழிற்சாலையில் விழுந்த இந்த எண்கள் ஆணைத்தாளின் கணக்கு; போர்க்களத்தின் வருகைப் பதிவேடு அல்ல.

துப்பாக்கிகள் சென்ற வழி இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. வாக்கர் கையில் கிடைத்தது கோல்ட் அன்பளிப்பாக அனுப்பிய ஒரு ஜோடி. அது வந்த சில நாட்களில், 1847 அக்டோபர் 9 அன்று, மெக்சிகோவின் ஹுவாமாந்த்லாவில் அவர் கொல்லப்பட்டார். அவரது வீரர்களுக்கென அனுப்பப்பட்டவை வேராக்ரூஸ் கிடங்கிலேயே தங்கியிருந்தன. பின்னர் அங்கிருந்து பெருமளவில் அவற்றைப் பெற்றது ஜான் ஹேஸின் டெக்சஸ் தன்னார்வ ரெஜிமென்ட். ரிவால்வரின் தோட்டா உருளையை உற்று நோக்கினால் இதே பிளவு அங்கும் தெரிகிறது. ‘மாடல் யு.எஸ்.எம்.ஆர்.’ என்ற எழுத்துகள் ஒன்றிய ராணுவத்தின் அந்த ரெஜிமென்ட்டைக் குறிக்கின்றன; வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி செதுக்கிய அச்சிலிருந்து உருட்டிப் பதித்த காட்சியோ, 1844இல் கமான்சே பழங்குடியினரோடு ஹேஸின் டெக்சஸ் ரேஞ்சர்கள் நிகழ்த்திய சண்டையைக் காட்டுகிறது. ஒரே உருளையில் எழுத்து ஒரு படையையும் படம் இன்னொரு படையையும் பேசுகையில், எழுத்தை மட்டும் கொண்டு உரியவரைத் தீர்மானிப்பது எப்படி முறையாகும்?

சி எழுத்து வாக்கரின் கம்பெனிக்கென நினைத்தே குத்தப்பட்டது, ஆகவே அதை வாக்கரோடு இணைப்பதில் தவறில்லை என்று மறுக்கலாம். நினைத்தது உண்மை, நினைத்தது நடந்ததா என்பதே கேள்வி. சி துப்பாக்கி ஒன்றேனும் அக்கம்பெனி வீரரிடம் பின்னாளில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்தத் துப்பாக்கி எந்த நாளில் யாரிடம் போனது என்பதை முத்திரை எண்ணைக் கொண்டு நிறுவ முடியாது என்பதுதான் என் வாதம். அந்த நாட்களைத் திறந்த கேள்விகளாகவே விட்டுவைப்பது நேர்மை. 2018இல் இல்லினாய் மாநிலத்தில் 18,40,000 டாலருக்கு ஏலம் போன வாக்கர், ஒப்பந்தத்துக்கு வெளியே தனியாருக்கெனச் செய்யப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. அதில் கம்பெனி எழுத்தே கிடையாது. அதன் விலையைத் தாங்கி நின்றவை அதன் பெட்டியும் நல்ல நிலையும் முதல் உரிமையாளரிலிருந்து தொடரும் வரலாறும். ராணுவ வாக்கருக்கும் அந்த அளவுகோலையே வைக்க வேண்டும். போலிகள் மலிந்த இத்துறையில், பெறுகைச் சீட்டும் கைமாறிய சங்கிலியும் இல்லாத சி முத்திரையை ஒரு வீரரின் பெயராகப் படிப்பது, பிறகு ஒருவர் குத்திச் சேர்க்கும் பொய் எழுத்துக்கும் அதே மதிப்பைக் கொடுத்துவிடும்.