பரிசோதனையும் சமூக உறவுகளும்: பாங்கொக் எச்.ஐ.வி. தடுப்புமருந்துப் பரிசோதனை (1999–2003) பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவப் பரிசோதனைகளின் அறம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒப்புதற் படிவத்தில் இடப்படும் கையொப்பத்துடன் தொடங்கி அதனுடனேயே முடிந்துவிடுகின்றது. கையொப்பமிடுபவர் எத்தகைய சமூக உறவுகளுள் வாழ்கின்றார் என்ற வினா அங்கு எழுவதில்லை. 1999இல் பாங்கொக் நகரில் ஆரம்பமான எச்.ஐ.வி. தடுப்புமருந்துப் பரிசோதனையை நாம் இவ்வினாவின் அடிப்படையிலேயே நோக்க விரும்புகின்றோம்.

இவ்வகைத் தடுப்புமருந்துகளைப் பெருமளவிற் பரிசோதிக்க ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1994இல் முன்வரவில்லை. அதன் பின்னர் கலிபோர்ணியாவின் வாக்ஸ்ஜென் நிறுவனம் தனியார் மூலதனத்தைத் திரட்டி, வட அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் 'எயிட்ஸ்வாக்ஸ்' மருந்தைப் பரிசோதித்தது. எனவே, வறிய நாடொன்றின் மீது அந்நிய மூலதனம் திணித்த சோதனை என்று மட்டும் இதனைக் கூறி அமைதல் பொருந்தாது. தாய்லாந்தின் விஞ்ஞானிகளும் பாங்கொக் மாநகர நிருவாகமும் இதிற் பங்காளிகளாயிருந்தனர்; அந்நாட்டிற் பரவியிருந்த வைரசு வகையைக் கருத்திற் கொண்டே மருந்தும் அமைக்கப்பட்டது. முரண்பாடு இதனினும் ஆழமான தளத்திற் காணப்படுகின்றது.

தடுப்புமருந்தொன்றின் பயனை அளப்பதற்குப் பங்குபற்றுவோரிடையே புதிய தொற்றுக்கள் ஏற்பட்டேயாக வேண்டும். ஆகவே தொற்று மிகுதியாக நிகழும் மக்கட் பிரிவினரை ஆய்வு நாடுகின்றது. பாங்கொக்கில் அப்பிரிவினர் ஊசிமூலம் போதைப்பொருள் ஏற்றுவோராவர். 1995 முதல் 1998 வரை அவர்களுள் 1,209 பேரிடையே நடத்தப்பட்ட ஆயத்த ஆய்வு, சிறைவாசமும் சிறையினுள் ஊசி ஏற்றுதலும் தொற்றுடன் தொடர்புற்றிருந்தமையைக் காட்டிற்று. தனிமனிதரின் நடத்தை என்று பதியப்பட்ட 'ஆபத்தினை' உருவாக்கியதில் அரசின் தண்டனை முறைக்கும் பங்குண்டு என்பதே இதன் பொருள்.

மாநகரின் 17 சிகிச்சை நிலையங்களினூடாக 2,546 பேர் பரிசோதனையிற் சேர்ந்தனர். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று போதைப்பொருள் பாவிப்போரைக் குற்றவாளிகளாகவன்றி நோயாளராகக் கருத முற்பட்டது. ஆயினும், 2003 பெப்ருவரியில் தக்சின் சினவாத்ராவின் அரசு 'போதைப்பொருளுக்கெதிரான யுத்தத்தை' ஆரம்பித்தது. மூன்று மாதங்களுள் 2,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவெம்பரிற் பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றோருள் 106 பேரும் போலிமருந்து பெற்றோருள் 105 பேரும் தொற்றுக்குள்ளாகியிருந்தனர். மருந்து பயனற்றதென்பது நிறுவப்பட்டது. அந்த அறிவை உலகுக்குத் தந்தவர்களும், அரசு வேட்டையாடியவர்களும் ஒரே சமூகப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இம்மக்கள் வெறும் பரிசோதனைப் பொருளாக இருந்துவிடவில்லை. 2002இல் அவர்கள் தமக்கென ஒரு வலையமைப்பை நிறுவினர். பின்னர் தெனோபோவிர் மருந்தைக் கொண்டு பாங்கொக்கில் தடுப்புப் பரிசோதனை திட்டமிடப்பட்டபோது, ஆய்வின் வடிவமைப்பிற் பங்கும் தூய ஊசிகளும் வேண்டுமெனக் கோரினர். ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு 2000இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டி 2007இல் திருத்தப்பட்டது. எனினும் ஊசிமூலம் போதைப்பொருள் ஏற்றுவோர் பற்றிய தனிப் பிரிவொன்று 2012இலேயே அதிற் சேர்க்கப்பட்டது.

அனுமதி பெற்ற எச்.ஐ.வி. தடுப்புமருந்து எதுவும் இன்னும் இல்லை. பரிசோதனைகள் தொடர வேண்டியனவே. ஆனால் ஒருவர் தொற்றுக்கு ஆளாகும் சூழலை மாற்றும் போராட்டத்தினின்றும் பரிசோதனையின் அறத்தைப் பிரித்தெடுத்தல் இயலாது என்பதே பாங்கொக் வரலாறு நமக்குத் தரும் முடிபாகும்.