திங்கட்கிழமை மௌனம்

1947 ஜூன் 2, திங்கட்கிழமை. இந்தியப் பிரிவினைத் திட்டத்தோடு காத்திருந்த வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு, காந்தி என்ன சொல்வாரோ என்ற கலக்கம். வந்தவர் வாயே திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அன்று அவருக்கு மௌன நாள்.

திங்கட்கிழமைதோறும் பேசாதிருக்கும் இந்த வழக்கம் பிற்பாடுதான் ஆன்மிகமானது. தொடக்கத்தில் அவருக்குத் தேவைப்பட்டவை ஓய்வும், குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமும்தான்.

இரண்டு விலக்குகள் வைத்திருந்தார்: அவசர விஷயமானால் உயர் பதவியினரிடம் பேசலாம், நோயாளிகளைக் கவனிக்கப் பேசலாம். வைஸ்ராய்க்கு முதல் விலக்கு தாராளமாகப் பொருந்தும். ஆனாலும், மௌனத்தை நான் கலைப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரியும் என எழுதிக் கொடுத்தார். குறும்புதான்!

மவுண்ட்பேட்டன் கோபிக்கவில்லை, அவருக்கு நிம்மதி. உறவும் முறியவில்லை. ஜூன் 4 அன்று இருவரும் மறுபடி சந்தித்துப் பேசினார்கள்.