கல்வராயன் மலையில் பொதுச் சுகாதாரப் பணிகளும் அரசின் பொறுப்புக்கூறலும்

பொதுச் சுகாதாரப் பணிகளில் அரசின் பொறுப்புக்கூறல் என்பது மருத்துவம், ஊட்டச்சத்து, உணவு வழங்கல், ஓய்வூதியம் போன்ற பணிகளை மக்களுக்கு அளிக்கும் அரசு அமைப்புகள், அப்பணிகள் உரியவரைச் சென்றடைந்தனவா என்பதற்கு விடை கூறவும், தவறு நேர்ந்தால் திருத்தவும் கடமைப்பட்டிருத்தலைக் குறிக்கும். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரத்திற்கு மேற்கே அமைந்துள்ள கல்வராயன் மலைப்பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். இம்மலைவாழ் மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில் தாமாகவே முன்வந்து வழக்கு பதிவு செய்தது.

பொருளடக்கம்
1. பின்னணி
2. நிருவாக வரலாறு
3. பணிகளும் பொறுப்பான துறைகளும்
4. 2024 நச்சுச் சாராய நிகழ்வு
5. உயர் நீதிமன்ற வழக்கு
6. சட்ட அடிப்படை
7. மக்கள் கையிலுள்ள வழிமுறைகள்
8. இவற்றையும் பார்க்க

பின்னணி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. மலையின் ஒரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மற்றொரு பகுதி சேலம் மாவட்டத்திலும் உள்ளது. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். மலையை ஆள்பவர் என்னும் பொருள்பட வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்தின் மலையாள மொழி பேசுவோருக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரம் பகுதியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களது மரபுவழிச் செய்தி.

சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பதும், பல ஊர்களுக்குச் செல்லும் வழி காட்டு நிலத்தினூடே அமைந்திருப்பதும் இப்பகுதியின் அடிப்படைச் சிக்கல்கள் ஆகும். சாலை இல்லாத மலையூர்களில் நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் தூளி கட்டித் தூக்கிச் செல்ல நேர்கிறது.

நிருவாக வரலாறு

இம்மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஆம் ஆண்டில், மலை அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ 29 ஆண்டுகளுக்குப் பின்னரே இம்மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை மக்கள் தங்கள் குறைகளைச் சொல்லும் இடம் சாகிர்தாரே அன்றி அரசு அலுவலகம் அன்று.

அதன்பின்னும் மாவட்டத் தலைநகரம் மலைக்குத் தொலைவிலேயே இருந்தது.

- 1993 வரை: தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர்
- 1993 முதல் 2019 வரை: விழுப்புரம் மாவட்டம், தலைநகரம் விழுப்புரம்
- 2019 நவம்பர் முதல்: கள்ளக்குறிச்சி மாவட்டம், தலைநகரம் கள்ளக்குறிச்சி

கள்ளக்குறிச்சி மாவட்டம் தோற்றுவிக்கப்பட்டபோது, அதுவரை சங்கராபுரம் வட்டத்தில் அடங்கியிருந்த மலைப்பகுதி கல்வராயன்மலை என்னும் தனி வட்டமாயிற்று. வட்ட அலுவலகம் மலையின் மேலுள்ள வெள்ளிமலையில் அமைந்தது. சான்றிதழ், ஓய்வூதியம் போன்றவற்றை வழங்கும் அலுவலர் மலைக்கு வந்ததே பொறுப்புக்கூறலில் ஒரு முன்னேற்றம் எனலாம்.

பணிகளும் பொறுப்பான துறைகளும்

இந்தியப் பொதுச் சுகாதாரத் தர விதிகள் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி அளவு வகுத்துள்ளன. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. எனினும் இவ்வளவு மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், எண்ணிக்கை நிறைவுற்ற இடத்திலும் நடந்து செல்ல வேண்டிய தொலைவு குறைவதில்லை.

ஒரு குடும்பத்திற்குத் தேவையான பணிகள் பல துறைகளில் பிரிந்து கிடக்கின்றன.

- ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர்: பொதுச் சுகாதாரத் துறை
- வட்டார அரசு மருத்துவமனை: மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் துறை
- மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: மருத்துவக் கல்வித் துறை
- அங்கன்வாடி: சமூக நலத் துறையின் கீழ் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள்
- முதியோர் ஓய்வூதியம், சாதிச் சான்றிதழ்: வருவாய்த் துறை
- நியாயவிலைக் கடை: உணவு மற்றும் கூட்டுறவுத் துறை
- உண்டு உறைவிடப் பள்ளி: பழங்குடியினர் நலத் துறை
- காட்டு வழிச் சாலை: ஊரக வளர்ச்சித் துறை அல்லது நெடுஞ்சாலைத் துறை, வனத்துறையின் இசைவுடன்

இதனால் மகப்பேற்றுக்காகச் செல்லும் பெண் வழியில் இறக்க நேரிட்டால், மருத்துவமனை தன்னிடம் வந்து சேரவில்லை எனவும், ஊர்தி சாலை இல்லை எனவும், சாலைத் துறை வன இசைவு இல்லை எனவும் கூற இடமுண்டு. ஒவ்வொரு துறையும் தன்னளவில் விதிப்படி நடந்திருக்கும்; இழப்பிற்கு விடை சொல்வோர் ஒருவரும் இரார். மலைப்பகுதிகளில் பொறுப்புக்கூறல் தளர்வதற்கு இப்பிரிவினை முதன்மையான காரணங்களுள் ஒன்று.

2008 இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 அவசர ஊர்திப் பணியும், 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் பணியை மக்களிடம் கொண்டு செல்வதை நோக்கமாகக் கொண்டவை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது.

2024 நச்சுச் சாராய நிகழ்வு

2024 சூன் 18, 19 நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அண்டைப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே வகை நச்சால் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர்.

முதல் இறப்புகள் நேர்ந்தபோது, அவை சாராயத்தால் நேர்ந்தவை அல்ல என மாவட்ட நிருவாகம் அறிவித்தது. பின்னர் ஆய்வில் மெத்தனால் உறுதியாயிற்று. மெத்தனால் நச்சில் சிகிச்சை தொடங்கும் நேரமே உயிரையும் பார்வையையும் காக்கும் என்பதால், சரியான செய்தியை உடனே அறிவிப்பதும் சுகாதாரப் பணியின் ஒரு பகுதி என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அரசு மேற்கொண்ட நடவடிக்கைகள்:

- மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.
- ஓய்வு பெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது.
- இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.
- பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது.
- மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை நடுவண் புலனாய்வுச் செயலகத்திற்கு (சி.பி.ஐ.) மாற்றியது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு திசம்பரில் தள்ளுபடி செய்தது.

உயர் நீதிமன்ற வழக்கு

கல்வராயன் மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சப்படுவது குறித்த செய்திகள் பல்லாண்டுகளாக வெளிவந்தவை. கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது மலையில் வடித்த சாராயம் அன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். ஆயினும் இந்நிகழ்வையொட்டி மலைமக்களின் வாழ்நிலையும் கவனத்திற்கு வந்தது. நீதிபதிகள் எசு. எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2024 சூலையில் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர் கே. ஆர். தமிழ்மணி நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்டார்.

சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி, நியாயவிலைக் கடை ஆகியவை பற்றி அரசிடம் அறிக்கை கோரப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார் போன்றவற்றைச் சிறப்பு முகாம்கள் வாயிலாக வழங்குமாறும் நீதிமன்றம் கூறியது. முதலமைச்சரோ அமைச்சரோ மலைக்கு நேரில் சென்று பார்க்கலாம் என்ற கருத்தையும் தெரிவித்தது. தனித்தனித் துறைகள் தனித்தனியே கூறிவந்த விடைகளை ஒரே இடத்தில் வைத்துக் கேட்டதே இவ்வழக்கின் சிறப்பாகும்.

சட்ட அடிப்படை

- அரசியலமைப்பின் 47 ஆம் உறுப்பு, ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது.
- 1996 இல் மேற்கு வங்க வழக்கொன்றில், அரசு மருத்துவமனைகள் அவசர சிகிச்சையை மறுப்பது 21 ஆம் உறுப்பின்படியான உயிர்வாழும் உரிமையை மீறுவது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதிப் பற்றாக்குறையை இதற்குக் காரணமாகக் கூற இயலாது என்றும் கூறியது.
- 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருத்துவ நிலையம், அங்கன்வாடி, சாலை முதலிய 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் வழங்க வழி செய்கிறது. எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.
- தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. ஆதலின் 1996 ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இம்மலைக்குப் பொருந்தாது.

உலக அளவில், 1978 இன் அல்மா-ஆட்டா அறிக்கை மக்களின் உடல்நலத்திற்கு அரசுகளே பொறுப்பு என அறிவித்தது. இந்திய மாநிலங்களுள் இராசத்தான் 2023 இல் முதன்முதலாக நலவாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியது.

மக்கள் கையிலுள்ள வழிமுறைகள்

- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: விண்ணப்பத்திற்கு 30 நாள்களுக்குள் விடை தரவேண்டும், உயிர் அல்லது தன்னுரிமை தொடர்பான தகவலை 48 மணி நேரத்திற்குள் தரவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் பணியிடங்கள், வருகைப் பதிவு, மருந்து இருப்பு ஆகியவற்றை இதன்வழிக் கேட்கலாம்.
- கிராம சபை: செவிலியர் வருகை, அங்கன்வாடி, சாலை ஆகியவை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். வன நிலம் தேவைப்படும் பணிகளுக்கு இத்தீர்மானமே முதற்படி.
- சமூகத் தணிக்கை: நூறு நாள் வேலைத் திட்டத்தைத் தோற்றுவித்த 2005 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. சுகாதாரப் பணிகளுக்கும் இம்முறையை விரிவாக்க, தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் 2007 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முறை சோதித்துப் பார்க்கப்பட்டது.
- பொதுநல வழக்கு: மற்ற வழிகள் பயன்தராதபோது கடைசி வழி.

இவற்றுள் முதல் மூன்றும் இறப்பு நேருமுன் கேள்வி எழுப்ப உதவுபவை. விண்ணப்பம் எழுதவும், கூட்டத்திற்கு வரவும், மறுமொழியைப் பின்தொடரவும் எழுத்தறிவும் பயண வசதியும் வேண்டியிருப்பதால், இவ்வழிமுறைகள் மிகவும் தேவைப்படும் ஊர்களிலேயே குறைவாகப் பயன்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- கல்வராயன் மலை
- சங்கராபுரம்
- கள்ளக்குறிச்சி மாவட்டம்
- மலையாளி (பழங்குடி)
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
- ஆரம்ப சுகாதார நிலையம்

பகுப்புகள்: கள்ளக்குறிச்சி மாவட்டம் | தமிழ்நாட்டில் சுகாதாரம் | பொது நிருவாகம் | தமிழகப் பழங்குடிகள்