நான்கு தலைமுறைப் பெருமை: கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் அதன் ரசிகர்களும்

ஒரு குடியின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறைகளுக்குள் தேய்ந்துவிடும் என்பது இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் முன்வைக்கும் கருத்து. பெருமையைக் கட்டியெழுப்பியவன் அதற்காகத் தான் பட்ட பாட்டை அறிவான். அவனுடைய மகன் அதை அருகிருந்து கேட்டறிவான். மூன்றாமவன் முன்னோரைப் பின்பற்றுவதோடு நின்றுவிடுவான். நான்காமவனோ அப்பெருமை உழைப்பால் வந்தது என்பதையே மறந்து, பிறப்பால் தனக்குரியது என்று எண்ணி அதை இழப்பான். அரசுகளையும் குடிகளையும் நோக்கிச் சொல்லப்பட்ட இக்கருத்து, ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றுக்கும் பொருந்துவது வியப்புக்குரியது.

1891இல் நிறுவப்பட்ட முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் நெடுங்காலம் பெயர் பெறாத அணியாகவே இருந்தது. 1933இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அக்கழகம், முதற்பிரிவுக்கு உயர்ந்த 1934ஆம் ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898இல் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியக் கழகமும் முதலிடம் பெற்றதில்லை. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களுமே மாறி மாறி வென்றுவந்தன. 1911இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்று புகழ்பெற்ற மோகன் பகான்கூட 1939இல்தான் முதன்முறையாக லீக் பட்டத்தைப் பெற்றது. அதற்கு முன்பே, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை முஹம்மதன் அணி வாகை சூடிவிட்டது. 1940இல் டில்லியில் நடந்த டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2–1 என்ற கோல் கணக்கில் வென்று, அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்தியக் கழகம் என்ற சிறப்பையும் அடைந்தது.

இவ்வெற்றிகள் தற்செயலாக வந்தவை அல்ல. பெங்களூரு உள்ளிட்ட தொலைதூர நகரங்களிலிருந்தும் திறமையாளர்களைத் தேடி அழைத்து வந்தனர். வெறுங்காலுடன் ஆடுவதே இந்திய அணிகளின் வழக்கமாயிருந்த காலம் அது. மழை பெய்து திடல் சேறாகும் நாள்களில், காலணி அணிந்த படைவீரர்கள் முன் அவ்வணிகள் வழுக்கி விழுந்தன. முஹம்மதன் அணியினர் அத்தகைய நாள்களில் காலணி அணிந்து ஆடப் பழகினர். பழக்கத்தைவிடப் பயனைப் பெரிதாகக் கருதிய அத்துணிவே அவ்வெற்றியின் அடித்தளம்.

அன்று வங்க முஸ்லிம்களுக்கு அது வெறும் விளையாட்டு வெற்றியாகத் தோன்றவில்லை. கல்வியிலும் பதவியிலும் பின்தங்கியிருந்த சமுதாயத்திற்கு, சமமான விதிகளின் கீழ் ஆண்டவரையே வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை அது அளித்தது. 1947இன் பிரிவினையோ கழகத்தின் வேரையே அசைத்தது. ஆட்டக்காரர்களிலும் ஆதரவாளர்களிலும் பலர் எல்லை கடந்தனர். டாக்காவில் 1936இல் இதே பெயரில் உருவான கழகம் தனக்கென ஒரு வரலாற்றை வளர்த்துக்கொண்டது.

கல்கத்தாவில் எஞ்சியவர்களுக்கு வெற்றிகள் அரிதாயின. 1948, 1957, 1967, 1981 என லீக் பட்டங்கள் இடைவெளி விட்டு வந்தன. பின்னர் நாற்பது ஆண்டுகள் அப்பட்டம் எட்டவேயில்லை. 1983, 1984 ஆண்டுகளின் ஃபெடரேஷன் கோப்பைகளும், 2013இன் டூராண்ட் கோப்பையும், 2014இன் ஷீல்டும் இடையிடையே ஆறுதல் தந்தன. இத்தகைய காலத்தில்தான் பழம்பெருமை ரசிகனுக்கு உணவாகிறது. தோற்று வீடு திரும்பும் மாலையில் “ஐந்து முறை தொடர்ந்து வென்றவர்கள் நாங்கள்” என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. “அது உன் பாட்டனார் கண்ட வெற்றி, நீ கண்டது என்ன?” என்று எதிரணி ரசிகன் கேட்பதும் நியாயமே.

இவ்விரண்டில் எது மேலானது? 2021இல் ரயில்வே அணியை இறுதியாட்டத்தில் வென்று தொடங்கி, 2022, 2023 ஆண்டுகளிலும் முஹம்மதன் கழகம் கல்கத்தா லீக்கை வென்றது. 2024இல் ஐ–லீக் பட்டத்தைப் பெற்று இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது. எண்ணிக்கையில் இவை சிறியவை அல்ல. ஆயினும் 1934இல் கல்கத்தா லீக் நாட்டின் தலையாய போட்டிகளுள் ஒன்று. இன்று அது மாநில அளவிலான போட்டி. 2024இன் ஐ–லீக்கும் நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டியே. பட்டத்தின் பெயர் ஒன்றாயிருப்பதால் அதன் எடையும் ஒன்றாகிவிடாது. அதே அளவுகோல் பழமைக்கும் பொருந்தும்: 1934இன் பட்டம் எத்துணை உயர்ந்ததாயினும், இன்றைய அணிக்கு ஒரு கோலையேனும் அது சேர்ப்பதில்லை.

இதற்கு 2024–25 பருவமே சான்று. செப்டம்பர் 2024இல் சென்னையில் சென்னையின் அணியை 1–0 என வென்று, சூப்பர் லீக்கில் தன் முதல் வெற்றியைக் கழகம் பெற்றது. பருவம் முடிந்தபோதோ பதின்மூன்று அணிகளுள் கடைசி இடத்தில் நின்றது.

எனவே பழைய வெற்றியா புதிய வெற்றியா என்று தராசில் நிறுத்துவதைவிட, பழைய வெற்றியிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்பதே பொருத்தம். 1934ஆம் ஆண்டின் கோப்பையை மட்டும் நினைப்பவன் இப்னு கல்தூன் சொன்ன நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவன். மழைநாளில் காலணி அணியத் துணிந்த அறிவையும், தொலைவிலிருந்து திறமையைத் தேடிக் கொணர்ந்த உழைப்பையும் நினைப்பவனே அப்பெருமையின் உண்மையான வாரிசு. கால்பந்துக் கழகத்திற்கு மட்டுமன்று, கடந்தகாலப் பொற்காலத்தைப் பேசி மகிழும் எந்தச் சமுதாயத்திற்கும் இது பொருந்தும்.