மூன்றால் வகுத்த கணக்கு

கடினம், வலிமை, உறுதி என்று நாம் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடுகிறோம். உரைநடைக்கு அதனால் பெருங்கேடு இல்லை. பொருளறிவியலிலோ இவற்றுக்கிடையேயான உறவைத் தெளிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

1812இல் பிரெடரிக் மோஸ் கனிமங்களை ஒன்றால் ஒன்றைக் கீறிப் பார்த்து வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. அது தரவரிசையேயன்றி அளவு அன்று. 1900இல் சுவீடனின் பிரினெல் எஃகுக் குண்டொன்றை உலோகத்தில் அழுத்தி, சுமையைத் தடத்தின் பரப்பால் வகுத்தார்; கடினம் எண்ணாயிற்று. அந்த எண்ணின் பொருளைத் தெளிவாக்கியது டேவிட் டேபரின் 'உலோகங்களின் கடினம்' (1951) என்னும் நூல். ஒரு பொருள் மீளாதவாறு உருமாறத் தொடங்கும் தகைவை இளகு தகைவு என்போம். உலோகத்தின் கடினம் அதன் இளகு தகைவைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்றார் டேபர். தடத்தைச் சூழ்ந்த உலோகம் விலக மறுத்து நெருக்குவதால்தான் இம்மிகை.

செராமிக் பொருள்களிடம் இக்கணக்கு மிகவும் தேவைப்பட்டது. இழுத்தால் அவை இளகுமுன்பே முறிந்துவிடும். மேற்பரப்பின் நுண்விரிசல்களே காரணம் என்று 1920களின் தொடக்கத்திலேயே கிரிஃபித் காட்டியிருந்தார். ஊசிமுனையின் கீழ், நாற்புற நெருக்கத்தில் மட்டுமே அவை குழையும். ஆகவே கடினத்தை அளந்து மூன்றால் வகுத்தனர். செராமிக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படும் கண்ணாடியில்தான் கணக்கு இடறியது. சாதாரணக் கண்ணாடியின் கடினம் சுமார் 5.5 ஜிகாபாஸ்கல், மூன்றால் வகுத்தால் இளகு தகைவு 1.8. ஆனால் புதிதாய் இழுத்த கண்ணாடி இழையோ 3 ஜிகாபாஸ்கலுக்கும் மேல் இளகாமல் தாங்கியது! இளகவேண்டிய எல்லையைத் தாண்டியும் ஒரு பொருள் இளகாதிருக்குமா?

1964இல் டி. எம். மார்ஷ் இதற்கு விடை கூறினார். பிழை இழையில் இல்லை, மூன்று என்னும் எண்ணில் இருந்தது. உலோகத்தில் ஊசி விலக்கிய பொருள் மேலேறித் தடத்தின் விளிம்பில் குவியும். கண்ணாடியின் மீட்சிக்கெழு அதன் இளகு தகைவைப்போல் சில பத்து மடங்கே. உலோகங்களில் அது பல நூறு மடங்காகும். எனவே விலக்கப்பட்டதற்குச் சுற்றியுள்ள கண்ணாடியே மீள்தன்மையோடு விரிந்து இடம் தருகிறது. நெருக்கம் குறைய, மடங்கும் மூன்றைவிட வெகுவாகக் குறைகிறது. மென்மையானது என்று குறைத்து மதிக்கப்பட்ட கண்ணாடி உண்மையில் எளிதில் இளகாதது. விரிசலுக்கு மட்டுமே அது தோற்கிறது.

டேபரின் நூலளவுக்கு மார்ஷின் கட்டுரை பேசப்படாதது நமக்கு வியப்பே. அதுவும் முடிந்த முடிபு அன்று. சிலிக்காக் கண்ணாடி ஊசியின் கீழ் வழிவதோடு அடர்ந்து சுருங்கவும் செய்வதால், அவருடைய சூத்திரமும் அங்கே அப்படியே பொருந்துவதில்லை.