தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் (சென்னைப் பல்கலைக்கழகம்)

அண்டை நாடுகளின் அரசியல், பொருளாதாரம், சமூகம் ஆகியவற்றை ஆராயும் உயர்கல்வி மையம். இதன் நிறுவன இயக்குநர் பேராசிரியர் வி. சூரியநாராயண். அவர் காலத்தில் இலங்கை பற்றிய ஆய்வு இம்மையத்தின் தனி அடையாளமாக வேரூன்றியது; தமிழகத்துக்கு அதைவிடத் தேவையான படிப்பு வேறில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1974 ஒப்பந்தத்தால் கச்சத்தீவு இலங்கை வசமானது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகள் தமிழகத்தில் வந்திறங்கினர். கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர் சிக்கல் குறித்த சூரியநாராயணின் நூல் 1994இல் வெளிவந்தது. அகதிகளைப் பற்றியும் அவர் எழுதினார்.

இத்தகைய படிப்பு கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. பெருமாநல்லூர் முதலான திருப்பூர் வட்டாரப் பின்னலாடை ஊர்களுக்கு வங்கதேசமே பெரும் போட்டியாளர். வளர்ச்சி குன்றிய நாடு என்ற தகுதியால் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்புத் திட்டத்தின்கீழ் அந்நாட்டு ஆடைகள் சுங்கவரியின்றி அங்கே நுழைகின்றன. இங்கே ஆர்டர் கூடுவதும் குறைவதும் டாக்காவின் கூலி, வரி, அரசியலோடு பின்னிக்கிடக்கிறது. திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் வங்கதேச ஆய்வு தனிப் பாடமாக இடம்பெற வேண்டும்.